ஏழரைக் கோடு

பொன்னாயியை ஏற்றிக்கொண்டு தோட்டத்து ஜீப் கட்டபெட்டு ரோட்டில் இறங்கி மறைந்த பிறகும் பழனியாண்டி வாசலிலேயே நின்றான். பிரசவத்துக்கு இன்னும் நாலைந்து நாள் இருந்தாலும், மேடு பள்ளத்தில் கடைசி நேர ஓட்டம் வேண்டாம் என்று முன்கூட்டியே குன்னூர் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டுவிட்டாள். துணைக்கு அவள் அக்காள் போனாள். போகும்போது பொன்னாயி அடுக்கிக்கொண்டே போனவற்றை அவன் விரல் மடக்கி எண்ணிப் பார்த்தான். கோழியை நேரத்தோடு அடைக்கணும். அரிசியில் கல் பார்க்கணும். ராணியைத் தலை சீவாமல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பக் கூடாது. நாலாவதாகவும் ஒன்று சொன்னாள். அது என்னவென்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

பழனியாண்டி கவ்வாத்து வெட்டுகிறவன். வளர்ந்துபோன தேயிலைச் செடியை இடுப்புக்குக் கீழே ஒரே வீச்சில் வெட்டி மட்டம் செய்வதில் அந்தத் தோட்டத்தில் அவனுக்கு நிகர் யாருமில்லை. இலங்கையில் பதுளைப் பக்கம் இருந்தபோதும் அப்படித்தான். கப்பலேறி இங்கே வந்த இந்த நாலு வருஷத்திலும் அப்படித்தான். ஆனால் பிள்ளைக்கு மருந்து கொடுப்பது என்ற ஒரு வேலை மட்டும் இங்கே வந்த பிறகு அவன் கைக்கு வந்ததேயில்லை. பொன்னாயி விட்டதில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. கப்பலில் வந்து மண்டபம் முகாமில் கிடந்த நாட்களில் ராணிக்கு ஐந்து வயது. காய்ச்சல் வந்தது. இடப்பக்கத்துக் குடும்பம் ஒரு மாத்திரை தந்தது, வலப்பக்கத்துக் குடும்பம் இன்னொன்று தந்தது. அவன் ஒன்றைக் கரைத்துக் கொடுத்ததை அறியாமல் பொன்னாயி மற்றதைக் கொடுத்துவிட்டாள். நாலு நாள் பிள்ளை வாடிய கொடியாகக் கிடந்தது. எப்படியோ எழுந்துவிட்டது. அன்றிலிருந்து, "நீங்க ஒண்ணும் குடுக்காதீங்க, நான் பாத்துக்கறேன்" என்று பொன்னாயி சொல்லிவிட்டாள். அவனுக்கும் அதுவே நிம்மதியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை முற்பகலில் ராணியைப் பள்ளிக்கூடத்து டீச்சரே கையைப் பிடித்து அழைத்து வந்தார். முகம் சிவந்து, உதடு காய்ந்து, கண் இரண்டும் பளபளத்தன. நெற்றியைத் தொட்ட பழனியாண்டி கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டான். அடுத்த நிமிஷம் ஒன்பது வயதுப் பிள்ளையைக் கைக்குழந்தைபோலத் தோளில் போட்டுக்கொண்டு டிஸ்பென்சரிக்கு இறங்கினான்.

அங்கே நர்ஸ் ஜெஸிந்தா பஞ்சு சுருட்டிக்கொண்டிருந்தாள். குன்னூர்க்காரி. வயது இருபத்தைந்துக்கு மேல் இருக்காது, அதட்டல் மட்டும் அறுபது வயதுக்கு உண்டு.

"மிஸ்ஸியம்மா, புள்ளைக்குக் காய்ச்ச மிச்சம்!" என்றான் மூச்சு வாங்க. இலங்கைத் தோட்டங்களில் நர்சை மிஸ்ஸி என்றே கூப்பிட்டுப் பழக்கம்.

"மிச்சமுங்களா? அப்ப வந்து போயிருச்சாட்டம்."

"இல்லீங்க, இப்பத்தான் வந்துச்சு. மிச்சமா இருக்கு."

"மிச்சந்தானுங்களே இருக்குது, கஞ்சி குடுத்துப் படுக்க வைங்க. அதும் போயிரும்."

பழனியாண்டிக்கு முகம் விழுந்துவிட்டது. இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு கல்நெஞ்சா என்று நினைத்தான். தோளில் சாய்ந்து கிடந்த ராணி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "சிஸ்டர், எங்க ஆளுங்க மிச்சம்னா ரொம்பன்னு அர்த்தம்."

ஜெஸிந்தா பஞ்சைப் போட்டுவிட்டு எழுந்து ஓடி வந்தாள். நெற்றியைத் தொட்டாள். "அட மாதாவே! ஏனுங்க, ரொம்பன்னே சொல்லியிருக்கலாமுங்களே!" என்று அவனையே கடிந்துகொண்டு தெர்மாமீட்டரை உதறினாள். நூற்றிரண்டரை. தொண்டையைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், கழுத்தை வளைக்கச் சொன்னாள், முதுகில் தடிப்பு உண்டா என்று சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு எடை போடும் பலகையில் நிறுத்தினாள்.

"ஊர்க் காய்ச்சல்தான். இந்த வாரத்துல இவளோட எட்டுப் பிள்ளைங்க. பயப்படாதீங்க" என்று அலமாரியைத் திறந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு பாட்டிலை எடுத்தாள். கழுத்தில் பிளாஸ்டிக் மூடி ஒன்று கவிழ்ந்திருந்தது. அதில் மெல்லிய கோடுகள். "இது காய்ச்சலுக்கும் வலிக்கும். பெரிய பிள்ளைங்களுக்கானது. ஊட்டுக்காரம்மா எங்கீங்க?"

"குன்னூர்ல. மாசமா இருக்கா."

"அப்ப நீங்கதான் குடுக்கோணும்."

அந்த ஒரு வார்த்தையில் அவனுக்கு வேர்த்தது.

"முதல்ல பாட்டிலைக் குலுக்குங்க. மருந்து அடியில தங்கியிருக்கும். ஊட்டுக் கரண்டியில ஊத்தாதீங்க, அது ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவு. இந்த மூடியிலதான். இந்தா, இந்த ஏழரைக் கோடு வரைக்கும்."

"ஏழரையா?" பழனியாண்டி ஓரடி பின்வாங்கினான். "எட்டா வெச்சுக்கலாங்களா மிஸ்ஸியம்மா? இல்ல, ஏழு?"

ஜெஸிந்தாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சனிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க. இவ வயசுக்கும் எடைக்கும் ஏழரைதான். கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம்."

அந்த நேரம் பார்த்து ஃபாக்டரியில் பகல் சங்கு ஊதியது. அவனிடம் கைக்கடிகாரம் இல்லை என்பதை ஜெஸிந்தா கவனித்தாள். கொஞ்சம் யோசித்தாள். காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு; ஃபாக்டரி இதைவிட வேறு எப்போதும் ஊதுவதில்லை.

"சங்குதான் உங்களுக்குக் கடிகாரம். சங்கு ஊதினதும் தொட்டுப் பாருங்க. காய்ச்சல் இருந்தாலோ, ஒடம்பு வலிச்சாலோ ஒரு வேளை குடுங்க. இல்லீன்னா வேண்டாம். சங்குக்கு முன்னால மட்டும் தொடவே கூடாது. ராத்திரி அவ நல்லாத் தூங்கினா மருந்துக்குன்னு எழுப்பாதீங்க. அப்புறம், இது குடுக்கிறப்ப வேற காய்ச்சல் மாத்திரை, சளி மருந்து எதையும் சேர்க்காதீங்க. பேரு வேறயா இருக்கும், உள்ளே இருக்கிற சரக்கு ஒண்ணா இருக்கும். ரெண்டும் சேர்ந்தா ஈரலுக்கு ஆகாது."

மண்டபம் முகாம் அவன் கண் முன்னால் வந்து போனது. "சேர்க்க மாட்டேங்க" என்றான் மெதுவாக.

"எங்கே, சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க."

அவன் சொன்னான். குலுக்குவதை மறந்தான். மறுபடி சொன்னான். மாத்திரையை விட்டுவிட்டான். மூன்றாம் தடவை தடுமாறியபோது ராணி முழுவதையும் ஒப்பித்தாள், வாய்ப்பாடு சொல்வதுபோல. ஜெஸிந்தா அவள் கன்னத்தைத் தட்டி முதல் வேளையை அங்கேயே அளந்து கொடுத்தாள். "மூணு நாள்ல அடங்கலைன்னாலோ, குடிச்சதையெல்லாம் வாந்தி எடுத்தாலோ, கண்ணைத் தொறக்காம சோர்ந்து கிடந்தாலோ, அந்த நிமிசமே தூக்கிட்டு வாங்க. பாட்டிலைக் கைக்கு எட்டாத உயரத்துல வைங்க."

வீட்டுக்கு வந்ததும் ராணி பள்ளிக்கூட நோட்டைக் கேட்டாள். கடைசிப் பக்கத்தில் குண்டு குண்டான எழுத்தில் எழுதினாள்: செவ்வாய். பகல் சங்கு. ஏழரை. "இல்லாட்டி நீங்க மறந்துருவீங்கப்பா" என்றாள்.

ஒரு மணி நேரத்தில் வேர்த்து, உடம்பு குளிர்ந்து, எழுந்து உட்கார்ந்தாள். பாண் வேண்டும் என்றாள். பேக்கரி ரொட்டியை இன்னமும் அவர்கள் வீட்டில் பாண் என்றுதான் சொல்வார்கள். அவன் கடைக்கு ஓடி வாங்கி வந்தான். தேத்தண்ணியில் நனைத்து நாலு துண்டு தின்றாள். பழனியாண்டி எதிரே குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டிருந்தான். தான் வெட்டிய செடி துளிர்ப்பதைப் பார்த்தபோதுகூட அவனுக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

மாலைச் சங்கு ஊதியபோது மறுபடி காய்ச்சல் இருந்தது. இந்த முறை அவனேதான் அளக்க வேண்டும். பாட்டிலைக் குலுக்கினான். குலுக்கின குலுக்கில் தோள் எலும்பு இறங்கிவிடும் போலிருந்தது. மூடியில் ஊற்றி, நின்றபடியே எட்டிப் பார்த்தான்.

"மேல இருந்து பாக்காதீங்கப்பா. கீழே வெச்சுட்டுக் குனிஞ்சு பாருங்க. கோடு கண்ணுக்கு நேரா இருக்கணும்."

முக்காலியில் மூடியை வைத்து, தரையில் முழங்காலிட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். கோட்டுக்கு ஒரு துளி மேலே. அந்தத் துளியைப் பாட்டிலுக்குள் திருப்பி விட்டான். இப்போது ஒரு துளி கீழே. அவனும் மகளும் மூச்சடக்கி அந்த மூடியையே பார்த்தார்கள். கடைசியில் கோடும் மருந்தும் ஒன்றாக நின்றபோது ராணி கைதட்டினாள். காய்ச்சல்காரி கைதட்டியதைப் பார்த்து அவனும் சிரித்துவிட்டான்.

புதன்கிழமை காலைச் சங்குக்கு ஒன்று, பகல் சங்குக்கு ஒன்று. மாலை நாலு மணி வாக்கில் மறுபடி உடம்பு சுட ஆரம்பித்தது. சங்குக்கு இன்னும் இரண்டு மணி நேரம்.

"இன்னொரு மூடி குடுங்கப்பா. நிறையக் குடிச்சா சீக்கிரம் போயிரும்ல? பாப்பா பொறந்த அன்னிக்கே நான் பாக்கணும்."

வரிசை வீடுகளான லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருந்த தெய்வம்மா எட்டிப் பார்த்தாள். அவளும் இலங்கையிலிருந்து வந்தவள்தான். உப்பு, மிளகாய், நெருப்புக் குச்சி எதுவும் இரண்டு வீட்டுக்கும் பொது. "அண்ணே, எங்கிட்டத் தலைவலி மாத்திரை கெடக்கு. பாதி ஒடச்சுக் குடுங்க" என்றாள் பரிவோடு.

பழனியாண்டியின் கை பாட்டில் இருந்த மச்சுப் பலகையை நோக்கி நீண்டது. பாதி வழியில் நின்றது. "வேணாம் தங்கச்சி. மிஸ்ஸியம்மா சேர்க்கக் கூடாதுன்டுச்சு" என்றான்.

கனத்த கம்பளியை எடுத்துவிட்டு மெல்லிய போர்வையைப் போர்த்தினான். வெந்நீரை ஆற்றி மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தான். பிறகு நேரத்தைப் போக்கக் கதை சொன்னான். கப்பலில் வந்தபோது ராணி தன் ஒற்றைச் செருப்பைக் கடலில் போட்டுவிட்டு, கப்பலை நிறுத்தச் சொல்லிக் கேப்டன் அறைக்கே போய் நின்ற கதை.

"நானா?"

"பின்ன நானா? அந்தாளு தொப்பியக் கழட்டி உன் தலையில வெச்சாரு. நீ அதையும் கடல்ல போடப் பாத்தே."

அவள் சிரித்துச் சிரித்து இருமினாள். செருப்புக் கதை முடிந்து, முகாமில் ஆடு வந்து கூப்பன் அட்டையைத் தின்ற கதை நடுவில் இருக்கும்போது சங்கு ஊதியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஓ!" என்று கத்தினார்கள்.

வியாழன் காலைச் சங்குக்குத் தொட்டுப் பார்த்தான். நெற்றி சாதாரணமாக இருந்தது. மருந்து கொடுக்கவில்லை. ராணி நோட்டில் 'வியாழன். காலைச் சங்கு. இல்லை' என்று எழுதினாள். பகலில் லேசாகச் சுட்டது. உடம்பும் வலிக்கிறது என்றாள். ஒரு வேளை அளந்து கொடுத்தான். பாட்டிலில் பாதிக்கு மேலேயே மருந்து இருந்தது. அதைப் பலகையில் ஏற்றப் போன நேரத்தில் வெளியே யாரோ, "பைப்புல தண்ணி வந்துருச்சு!" என்று குரல் கொடுத்தார்கள். பாட்டிலை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுக் குடத்தோடு ஓடினான்.

நாலு குடம் பிடித்து வந்து பார்த்தபோது ராணி தூங்கிக்கொண்டிருந்தாள். பாட்டில் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் மருந்து பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது.

பாப்பாவைப் பார்க்கும் ஆசையில் குடித்துவிட்டாளா? உலுக்கி எழுப்பினான். "ராணி! மருந்தை எடுத்துக் குடிச்சியா? உண்மையச் சொல்லு, அடிக்க மாட்டேன்."

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு அவனைப் பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள். உதடு துடித்தது. "நோட்டுல எழுதாம நான் குடிப்பேனாப்பா?"

அந்தக் கேள்விக்கு முன்னால் அவன் சந்தேகம் நிற்கவில்லை. அவள் குடிக்கவில்லை. அப்படியானால் யார்? சுவருக்கு அந்தப் பக்கம் தெய்வம்மாவின் இரண்டு வயதுப் பையன் கோபு வீரிட்டு அழும் சத்தம் கேட்டது. பழனியாண்டி ஒரே தாவில் அந்த வாசலில் நின்றான்.

தெய்வம்மா காலை நீட்டி உட்கார்ந்து, கோபுவைக் காலில் கிடத்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு பாலாடையை வாயில் கவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையன் பல்லைக் கடித்து உதைத்துக்கொண்டிருந்தான். அவள் சேலையெல்லாம் ஆரஞ்சு நிறம். பக்கத்தில் டம்ளரில் மிச்ச மருந்து.

"நிறுத்து தங்கச்சி!" அவன் பாலாடையைப் பிடுங்கினான்.

தெய்வம்மா விழித்தாள். "புள்ளைக்கு மேலு சுட்டுச்சுண்ணே. ராணிக்கு நல்லாக் கேக்குதேன்னு ரெண்டு மூடி எடுத்தாந்தேன். நீங்க இல்ல, அவ தூங்கினா. எடுத்தா என்ன, காய்ச்ச மருந்துதானே?"

"இது பெரிய புள்ளைங்க மருந்து! எத்தன தரம் ஊத்தின?"

"எங்க ஊத்த வுட்டான்? ரெண்டு தரம் ஊத்தினேன், ரெண்டையும் என் மேலயே துப்பிட்டான் படுபாவி."

பழனியாண்டி கோபுவை ஒரு கையிலும் டம்ளரை மறு கையிலும் தூக்கிக்கொண்டான். தெய்வம்மா அழுதுகொண்டே பின்னால் ஓடினாள். போர்வையைச் சுற்றிக்கொண்டு, நோட்டோடு ராணியும் ஓடினாள். வழியில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் டம்ளரைக் கொண்டுபோனதை நினைத்தால் அவனுக்கே பிற்பாடு ஆச்சரியமாக இருந்தது.

ஜெஸிந்தா டம்ளரில் இருந்ததை மூடியால் அளந்தாள். இரண்டு மூடியில் முக்கால்வாசிக்கு மேல் அப்படியே இருந்தது. தெய்வம்மாவின் சேலை நனைந்திருந்த அளவையும் பார்த்தாள். கோத்தகிரி டாக்டருக்கு ஃபோன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சொல்வதைக் கேட்டு, "சரிங்க சார், சரிங்க சார்" என்று தலையாட்டினாள். மூன்று பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பயமில்லீங்க. உள்ளே போனது துளிதான். ஆனா இன்னிக்கு இவனுக்கு வேற எந்தக் காய்ச்சல் மருந்தும் வேண்டாம். சாயங்காலம் வரைக்கும் என் கண் முன்னால இருக்கட்டும். இவனுக்கு நூறுதான் இருக்குது. தண்ணி குடுங்க, பால் குடுங்க." தெய்வம்மாவின் பக்கம் திரும்பினாள். அதட்டப் போகிறாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தாள். "ஏனுங்க தெய்வம்மா, ஒம்பது வயசுக்காரி சட்டை ரெண்டு வயசுக்காரனுக்குச் சேருமுங்களா? மருந்தும் அப்படித்தான். அந்தப் பாட்டில்ல வீரியம் ஜாஸ்தி. இவன் துப்பாம முழுங்கியிருந்தா இந்நேரம் உங்களை ஜீப்புல கோத்தகிரிக்கு அனுப்பியிருப்பேன். அப்புறம், மூக்கைப் பிடிச்சு ஊத்தாதீங்க, பொரையேறிரும்."

தெய்வம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "துப்பினதுக்கு வேற நாலு போட்டேன்" என்று சொல்லிக் கோபுவின் காலைத் தடவினாள். கோபு அதற்குள் எடைப் பலகையில் ஏறிக் குதித்து முள் ஆடுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஜன்னல்ல வெச்சது என் தப்பு மிஸ்ஸியம்மா" என்றான் பழனியாண்டி.

"தப்புதானுங்க. ஆனா பாட்டில் எறங்கினதைக் கண்டுபிடிச்சீங்க பாருங்க, அதுக்கு நான் உங்களைக் கும்பிடோணும்."

அப்போது ஃபோன் மணி அடித்தது. டாக்டர்தான் வேறு ஏதோ சொல்லக் கூப்பிடுகிறார் என்று ஜெஸிந்தா பயந்துகொண்டே எடுத்தாள். கேட்டாள். முகம் மெல்ல மலர்ந்தது. ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு, "குன்னூருங்க" என்றாள். "பொம்பளப் புள்ள. ரெண்டே முக்கால் கிலோ. தாயும் புள்ளையும் சொகம்."

பழனியாண்டி என்ன செய்வதென்று தெரியாமல் கோபுவைத் தூக்கி உயரே எறிந்து பிடித்தான். கோபு இன்னொரு தடவை என்றான். தெய்வம்மா அழுகையையும் சிரிப்பையும் ஒன்றாகக் கலந்து குலவை போட்டாள். ஃபோனின் மறுமுனையில் இருந்தவருக்கும் அது கேட்டிருக்க வேண்டும்.

ராணி போர்வையை உதறினாள். "வாங்கப்பா, போலாம்."

"எங்கே போறீங்க?" ஜெஸிந்தா குறுக்கே கையை நீட்டினாள். "பகல்ல மருந்து குடிச்சிருக்குறே. அதனாலதான் ஒடம்பு குளிர்ந்திருக்குது. மருந்தே இல்லாம ஒரு முழு நாள் காய்ச்சல் வராம இருக்கட்டும். அப்புறம் போய்ப் பாரு. பச்சைப் புள்ளைக்கு ஒட்டிக்கும்."

ராணிக்குக் கண் கலங்கியது. ஆனால் தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை மூன்று சங்குக்கும் அவள் அப்பனின் கையை இழுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். மூன்று தடவையும் இல்லை. சனிக்கிழமையும் இல்லை. அன்று மாலை ஜெஸிந்தா லயத்துக்கே வந்து தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, "போயிட்டு வா கண்ணு" என்றாள். தெய்வம்மா இரவோடு இரவாக மாவு பிசைந்து, ரொட்டி தட்டி, தேங்காய்ச் சம்பல் இடித்துக் கட்டிக் கொடுத்தாள்.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் ஏறினார்கள். பனி விலகாத மலைச் சரிவில் பஸ் வளைந்து வளைந்து இறங்கியது. ராணி ஒவ்வொரு வளைவிலும் ஒரு பெயரைச் சொன்னாள். அவன் ஒவ்வொன்றுக்கும் சரி என்றான். குன்னூர் வந்தபோது பாப்பாவுக்குப் பதினேழு பெயர்கள் இருந்தன.

வார்டில் பொன்னாயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மகளைக் கண்டதும் இழுத்து அணைத்து, "ஏன் புள்ள இப்படி எளைச்சுப் போயிருக்க?" என்றாள். ராணி எல்லாவற்றையும் சொன்னாள். அப்பன் முழங்காலிட்டு ஒரு கண்ணை மூடியதை நடித்துக் காட்டினாள், தெய்வம்மாவின் சேலையை, கோபுவின் உதையை. பக்கத்துக் கட்டில்காரிகள் எல்லாம் கழுத்தை நீட்டிக் கேட்டார்கள். பொன்னாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போதும் புள்ள, சிரிக்க முடியல, வலிக்குது" என்றாள். பிறகு புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். "நீங்களா அளந்து குடுத்தீங்க?"

"நான்தான்" என்றான் பழனியாண்டி. வெட்கம் வந்து பையில் இருந்த ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிக்க ஆரம்பித்தான்.

ராணி கைகாலைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பெரியம்மாள் பாப்பாவை அவள் மடியில் வைத்தாள். அவள் அசையவில்லை. கால் மரத்துப்போனது, மாற்றிப் போடவில்லை. பெரியம்மாள் கேட்டபோதும் தரவில்லை, நர்ஸ் கேட்டபோதும் தரவில்லை. பழனியாண்டி வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தான். கட்டபெட்டு வழி போகும் பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. திரும்பி வந்து மகளைப் பார்த்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு ரொட்டியை எடுத்துச் சம்பலில் தோய்த்தான். அடுத்த பஸ் மூன்று மணிக்கு இருந்தது.